கதவு இருக்கும் இடம்

அதியமான்கோட்டையில் அடுத்த தெருவில் எங்களுக்கு வரிசையாக மூன்று வாடகை வீடுகள் இருந்தன. சொந்தக்காரர் அப்பா. அவர் லாரியோடு வடக்கே போய்விடுவதால் அதிகாரம் மட்டும் பெரியப்பாவுடையது. எங்கள் வீட்டுக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்து காபி கேட்பதும் அந்த அதிகாரத்தில் சேர்த்தி. வாடகை வசூலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. அதில் மண்ணைப் போட்டவள் கடைசி வீட்டு இட்லிக்கடை அக்கா.

ரோட்டை அகலப்படுத்தியபோது அவள் கடை போய்விட்டது. தள்ளுவண்டியில் விற்றாள், வாடகை நின்றுபோனது. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னாள். அந்த அட்வான்ஸோ எப்போதோ எங்கள் லாரிக்கு டயராகி நாக்பூர் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. பெரியப்பா அதைச் சொல்லாமல், காலி செய் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் பூட்டுப் போட்டால் போலீஸ் வரும், கதவைக் கழற்றினால் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவரே கண்டுபிடித்த சட்டம். ஒரு மத்தியானம் ஆசாரியைக் கூட்டிப்போய், அவள் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போதே கதவைக் கழற்றித் தூக்கிவந்து எங்கள் கூடத்துச் சுவரில் சாய்த்தார். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு கதவில்லாத வீட்டில் எப்படி இருப்பாள், பொழுது சாய்வதற்குள் சாமான் கட்டிவிடுவாள் என்றார்.

கட்டத்தான் செய்தாள். வந்து இறங்கியது எங்கள் கூடத்தில். பாய், தலையணை, மாவுக் குண்டான், என் வகுப்பில் படித்த அவள் மகள், எல்லாம் வந்தாயிற்று. கதவுக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

“நான் வாடகைக்குப் புடிச்சது கதவோட சேந்த வூடுங்க. கதவு எங்க இருக்குதோ அங்கதான் நாங்க படுப்போம்.”

பெரியப்பா கத்தினார். அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார், அப்பாவும் கத்தினார். அக்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் தலையணையைத் தூக்கிப்போய் அந்தப் பாயில் போட்டேன். பெரியப்பா அதட்டியும் நான் எழுந்திருக்கவில்லை.

காலையில் எங்கள் அடுப்பிலேயே இட்லி வெந்தது. அவளுடைய வாடிக்கைக்காரர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வழக்கம்போல் உள்ளே நுழையப்போன பெரியப்பாவிடம் ஒரு டிரைவர், “அண்ணே, ரெண்டு பார்சல், சட்னி கூட வெச்சுக் கட்டுங்க” என்றார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

அதுவரை வாயைத் திறக்காத அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தை அக்கா பிடித்தாள். பெரியப்பா வாசலை மறித்தார்.

“பாக்கி இருந்தா நோட்டீசு குடுங்க மாமா. டைம் குடுங்க. அப்பறமும் தரலன்னா கேசு போடுங்க. பொம்பளைங்க இருக்கற வூட்டுக் கதவக் கழட்டாதீங்க. தள்ளுங்க.”

அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தள்ளி நின்றார். தெருவே வேடிக்கை பார்க்கக் கதவு திரும்பிப் போனது. கழற்றிய ஆசாரியே வந்து மாட்டிக்கொடுத்தார், கூலி கேட்கவில்லை. பாக்கியை அக்கா பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தாள். அப்பா ஊருக்கு வந்து அம்மாவோடு பேசாமல் இருந்ததும் நடந்தது. அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை.

அன்றைக்கு மாட்டி முடித்ததும் அம்மா எங்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திறப்பாள் என்று பார்த்தால் திறக்கவே இல்லை. ஆசாரி வேலையைச் சோதிக்கிறாள் என்று நினைத்து, “சரியா இருக்குதாம்மா?” என்று வெளியிலிருந்து கத்தினேன். எங்கள் வீட்டில் அவள் தனக்கென்று தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவும் இருந்ததில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.