எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. எதிர்க்கடைக் கடிகாரக்காரர் முதல் லிஃப்ட் துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ‘ஆன்பண்ணாதே’தான். பதினெட்டு வருடமாகக் கேமரா பழுது பார்க்கிறாள். வருபவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரில் விழுந்தவை. வந்து நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறாள்: ‘நனைந்த கேமராவை ஆன் பண்ணாதே.’ முதலில் ‘பண்ணாதீர்கள்’ என்றுதான் எழுதியிருந்தாள். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை என்றதும் மரியாதையை அடித்துவிட்டாள்.

விஷயம் ரொம்பச் சின்னது. ஈரமாக இருக்கும்போது உள்ளே மின்சாரம் ஓடினால் கேமரா செத்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சும்மா கிடக்கவிட்டு, அவளிடம் கொண்டுவந்தால் பத்தில் ஆறையாவது பிழைக்க வைத்துவிடுவாள். ஆனால் சும்மா கிடக்கவிட யாருக்கு மனசு வருகிறது? “எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?” என்பதுதான் அவள் கேட்கும் முதல் கேள்வி. “ஒரே ஒரு தடவைதான், சும்மா பாத்தேன்” என்பார்கள். ஒரு தடவை என்றால் நாலு என்று எடுத்துக்கொள்வாள். ஞாபகமில்லை என்பவர்களிடம் கேமராவைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் வந்து நின்றது அவளுடைய அக்கா புருஷன். கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே அரிசி. அரிசிக்குள் கழுத்துவரை புதைந்து ஒரு பழைய சின்னக் கேமரா.

“கடல்லயா விழுந்துச்சு அத்தான்?”

“ஆமாம்மா. நேத்து காலையில. உங்க அக்காவைப் படகுல ஏத்தறதுக்குக் கை குடுத்தேன். பையில இருந்து நழுவிருச்சு. கயிறு வெளியில தொங்குனதால இழுத்துப் புடிச்சேன்.”

“எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?”

அவர் அட்டையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். “ஒரு தடவைதான்.”

“அத்தான்!”

“ஒரு ஆறு ஏழு இருக்கும். தலைமுடி காய வைக்கிற மெஷின்ல ஊதிட்டு ஆன் பண்ணேன். வெயில்ல வெச்சிட்டு ஆன் பண்ணேன். அப்புறம் அரிசியில போட்டுட்டு…”

“போதும். மேல சொல்லாதீங்க.”

வேறு யாராவதாக இருந்தால் டின்னோடு அனுப்பியிருப்பாள். ஆனால் அந்தக் கேமராவுக்குள் இருந்தது அக்காவின் நீச்சல்.

அவளுடைய அக்கா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். நாற்பத்தெட்டு வயதில், சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, நீச்சல் குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குமிழி விடக் கற்றுக்கொண்டவள். வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை. “குளிக்கிறதுக்கே வெந்நீர் கேக்கிற ஆளு நீ” என்று இவளும்தான் சிரித்தாள். அக்கா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வாரம் மூன்று நாள் போனாள், வந்தாள். நாலு வருடம் கழித்து, முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கரையிலிருந்து விளக்குப் பாறை வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் நீந்திப் போய்ப் பாறையைத் தொட்டுவிட்டாள். சோடாபுட்டிக் கண்ணாடி போடுகிறவள் அவள். அது இல்லாமல் தன் கையே அவளுக்கு மங்கல். படகில் கூடவே போன அத்தான்தான் படம் எடுத்தார்.

நீச்சல் சங்கத்தின் சுவரில் ஒரு பலகை உண்டு. பாறையைத் தொட்டவர்களின் பெயர்கள் அதில் ஏறும். முன்பு யாரோ பாதி வழி படகில் போய்விட்டுத் தொட்டதாகச் சொன்னதிலிருந்து, பாறையில் கை வைத்த படம் இல்லாமல் பெயர் ஏற்றக் கூடாது என்று செயலாளர் முடிவு பண்ணிவிட்டார். புருஷன் சொல்கிற சாட்சி செல்லாதாம். பலகையில் பெயர் எழுதுகிறவர் சனிக்கிழமை வருகிறார். அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

“கார்டை எடுத்தா படம் இருக்குமே? கார்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது” என்றாள்.

அத்தான் தொண்டையைச் செருமினார். “கார்டு வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. கேமராவுல ‘கார்டு இல்லை’ன்னு காட்டுச்சு. ஆனாலும் படம் எடுத்துச்சே!”

எடுக்கத்தான் செய்யும். அந்த மாதிரிக் கேமராவுக்கு உள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு படம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எடுக்க வேண்டுமானால் கேமரா ஒரு தடவையாவது உயிரோடு எழுந்து நிற்க வேண்டும். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பேட்டரியைக் கழற்றினாள். ஒரு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, மேல்மூடியைப் பிரித்த கேமராவை அதில் அமுக்கினாள். அத்தான் பதறிப்போனார்.

“என்னம்மா பண்ற? தண்ணியில விழுந்ததை மறுபடியும் தண்ணியில போடுற!”

“உப்பு போகணும் அத்தான். உப்பு உள்ளயே காஞ்சா அரிச்சுத் தின்னுடும்.”

“எதுக்கும் வேற யார்கிட்டயாவது ஒரு வார்த்தை…”

வந்ததே கோபம். “கேளுங்க. கீழே பால்காரர்கிட்ட கேளுங்க. எனக்கென்ன தெரியும், பதினெட்டு வருஷமாத்தானே இதைப் பண்றேன்!” அத்தான் டின்னை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அன்று சாயங்காலம் வரை திருகு திருகாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒட்டுநாடாவில் ஒட்டி வைத்தாள். லென்ஸ் குழலுக்குள் ஒரு அரிசி சிக்கியிருந்தது. அதைக் குறடால் எடுக்க முக்கால் மணி நேரம். உள்ளே இருந்த சர்க்யூட் பலகையின் ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்த படிவை ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நிறைந்த டப்பாவில் வைத்து மூடி, மேலே எழுதி ஒட்டினாள்: ‘வெள்ளிக்கிழமை வரை தொடாதே.’ தனக்குத்தானே எழுதிக்கொண்டதுதான்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கேமராவின் வயர் வேறெதற்கும் பொருந்தாத விசித்திர வாய் கொண்டது. வெளியூரில் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அது வெள்ளிக்கிழமை வரும். முதலில் வயரைச் செருகிவிட்டு, அப்புறம் ஆன் பண்ணி, நேராகக் கம்ப்யூட்டருக்குள் படங்களை இழுத்துவிட வேண்டும். கிடைக்கப்போவது ஒரு நிமிடமோ இரண்டோ. அதில் வேடிக்கை பார்க்க நேரமில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். பிறகு செய்ததைத் தெரியாமல் செய்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அதற்குள் ஆளாளுக்குப் பிடுங்கல். அக்கா தினமும் போன். “படம் வந்துடுச்சா?” “வரலக்கா.” “வந்துடும்ல?” “தெரியலக்கா!” கடிகாரக்காரர் எட்டிப் பார்த்து, “பேட்டரி போட்டுப் பாத்தியா?” என்பார். வியாழக்கிழமை மதியம் அத்தான் கூப்பிட்டு, மெதுவாக, ரொம்ப மரியாதையாக, “உப்புத் தண்ணின்னா வராதாமே, சொல்றாங்க” என்றார். யார் சொல்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. முன்மேசையில் போனை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

டப்பாவைத் திறந்தாள். பேட்டரி போடும் இடத்துக் கம்பிச்சுருள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தாள். பார்ப்பதற்குப் பேட்டரியைப் போட்டாள். கட்டைவிரல் பாட்டுக்குப் போய் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டது.

திரை வெளிச்சமானது!

கடைசிப் படம் வந்து நின்றது. கறுத்த பாறை, அதன்மேல் விரித்து வைத்த கை, ஒரு பக்கம் நழுவின மஞ்சள் தொப்பி, வாயைத் திறந்தபடி அக்கா. இவள் “அக்கா!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். எத்தனை நொடி அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ. திரையைப் போனில் படம் பிடித்துவிடலாம் என்று புத்தி வந்தபோது போன் முன்மேசையில் கிடந்தது. நாலடி தூரம். ஓடிப் போய் எடுத்துத் திரும்பினால் திரை இருட்டு. லேசாகக் கருகிய வாசனை.

மறுபடி அமுக்கினாள். மறுபடி. பேட்டரியைத் துடைத்துப் போட்டு மறுபடி. பிறகு பிரித்துப் பார்த்தாள். லென்ஸ் மோட்டாரின் அடியில் காயாத ஈரம். அங்கிருந்து படங்கள் இருந்த சில்லு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. இனி அதில் எவன் வந்தாலும் எதையும் எடுக்க முடியாது. இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை அவளால்.

உப்புத் தண்ணீர், வரவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஏழு தடவை ஆன் பண்ணின மனுஷன் அங்கே தயாராக இருக்கிறார். பழி போய் அவர் தலையில் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே பாதி உட்கார்ந்தும் இருக்கிறது. அவள் கால் மணி நேரம் அந்த அட்டையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனை எடுத்தாள். அத்தான்தான் எடுத்தார்.

“அத்தான், போச்சு. நான் இன்னைக்கே ஆன் பண்ணிட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தாள்.

“எத்தனை தடவை?” என்றார்.

“ஒரு தடவை…” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. “நாலு அத்தான். முதல் தடவை வந்துச்சு. படத்தைப் பாத்தேன். பாத்துட்டே உக்காந்துட்டேன்.”

அக்கா போனை வாங்கிவிட்டாள். செயலாளர், பலகை, சனிக்கிழமை என்று ஏதேதோ சொல்லி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள் இவள்.

“பலகை கிடக்கட்டும். அவனுங்க எழுதினா என்ன, எழுதாட்டி என்ன” என்றாள் அக்கா. “கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரிஞ்சுது அங்க? எல்லாம் வெள்ளையா தெரிஞ்சுது. வீட்டுக்குப் போய்ப் படத்துல பாத்துக்கலாம்னு இருந்தேன். அவரு பாத்தாரு. நீ பாத்த. நான்தான் பாக்கல.”

இவள் செத்துப்போன திரையைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

“சரி, சொல்லு. எப்படி இருந்தேன்?”

“வாயெல்லாம் பல்லா சிரிச்சிட்டு இருந்தேக்கா.”

“அழுதேன்னு சொல்றாரே இவரு.”

இவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தை இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள். நனைந்த முகம் வந்தது. திறந்த வாய் வந்தது. தொப்பி வந்தது. அவ்வளவுதான் வந்தது.

“யாரு சொல்றது சரி?” என்றாள் அக்கா.

“ஞாபகம் இல்லக்கா” என்றாள் அவள்.