வேர் அடைச்ச பல்லுக்கு எத்தினை வருசம் கேரண்டி?

இண்டைக்கு இஞ்ச சுவிஸில, டீட்டிகோனில பல் டொக்டரிட்டப் போனனான். கடைவாய்ப் பல்லின்ர வேரைப் போன கிழமையே துப்பரவாக்கிப்போட்டா. இனி அடைக்கிறதுதான் மிச்சம்.

அடைக்கிற வேலையில நான் ஆருக்கும் குறைஞ்சவனில்லை. இருபது வருசமா இஞ்ச குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிச்சு, தண்ணி இறங்காம மூலைகளுக்குச் சிலிக்கோன் பசை அடிக்கிறன்.

வேரை அடைக்க ரெண்டு முறை இருக்கெண்டு டொக்டர் சொன்னா. பழைய முறையில பிசின் பசையைப் பூசி, ரப்பர் மாதிரி ஒண்டைச் சூடாக்கி உள்ள அமத்துவினம். புது முறையில ஒரேயொரு குச்சியும், சீமெந்து மாதிரி ஒரு பசையும்.

"நான் புதுசைத்தான் பாவிக்கிறன். பல்லுக்குள்ள இருக்கிற ஈரத்திலதான் அது இறுகும்."

"ஈரத்திலயோ? டொக்டர், நான் டைல்ஸ் வேலைக்காரன். ஈரமிருந்தா எந்தப் பசையும் கழரும். நல்லாக் காயவிட்டு அடியுங்கோ." நல்ல டொச் மொழியிலதான் விளங்கப்படுத்தினன்.

அவ சிரிச்சுக்கொண்டு என்ர வாயில ரப்பர் விரிப்பைப் போட்டுட்டா. பிறகெங்க கதைக்கிறது?

முடிய எக்ஸ்ரே காட்டினா. வேர் நுனிவரைக்கும் ஒரு இடைவெளி இல்லை. எனக்கே பொறாமையாப் போச்சு. ஆனாலும் நான் விடேல்லை.

"எத்தினை வருசம் கேரண்டி?"

"நீங்கள் சிலிக்கோனுக்கு எத்தினை வருசம் குடுக்கிறனீங்கள்?"

சிலிக்கோனுக்குக் கேரண்டி இல்லையெண்டு வீட்டுக்காரரிட்டக் கையெழுத்து வாங்கிப்போட்டுத்தான் நான் வேலையே துவங்கிறனான்.

விறைப்பூசிக்கும் அடங்காத வாய் அப்பதான் விறைச்சது.

குளியலறை வேலை இருக்கிற ஆக்கள் இன்பொக்ஸுக்கு வாங்கோ. கேரண்டியை மட்டும் கேக்கவேண்டாம்.