கோதுமைக்குக் கட்டிய சேலைப் பந்தல்

திண்டிவனம் பக்கம் கோதுமை விளைகிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. அதனால்தான் 2014 மார்ச்சில், ஊரே மலைக்கு ஓடுகிற வெயிலில், நான் விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். கல்லூரித் தோழி ஸ்டெல்லா கூப்பிட்டிருந்தாள். திண்டிவனத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், தன் சின்னம்மாவின் நிலத்தில், ஆராய்ச்சிக்காகக் கோதுமை விதைத்திருந்தாள். அது பூக்கிற வாரம். அவளுடைய உதவித்தொகை அந்தப் பருவத்தோடு முடிகிறது. இந்த ஒரு விளைச்சல் கைவிட்டால் நான்கு வருட உழைப்பு போச்சு.

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சந்திப்புக்கு வெளியே இட்லி சாப்பிட்டேன். சாம்பாரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சட்னி காப்பாற்றியது. ஸ்டெல்லா முந்தின நாளே வயலிலிருந்து விழுப்புரம் வந்து, எதையும் நொடியில் உறைய வைக்கும் திரவ நைட்ரஜனைத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் வாங்கி நிரப்பிய அலுமினியக் கேனோடு காத்திருந்தாள். நாள் வாடகைக்கு ஒரு கார் பேசினோம், 1,400 ரூபாய். ஓட்டுநர் வேலு கேனைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னாக்கா, சினை ஊசி கேனு மாதிரி இருக்குது? எந்த ஊரு மாட்டுக்கு?"

"மாட்டுக்கு இல்லண்ணா, கோதுமைக்கு" என்றாள் ஸ்டெல்லா. வேலு கேனை இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

விழுப்புரத்திலிருந்து இருபது கிலோமீட்டரில் மண்டகப்பட்டு. வயல்களுக்கு நடுவே ஒரு பாறை, பாறைக்குள் குடைந்த கோயில், இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பே பெருமூச்சு விட்டது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியது என்று பல்லவ மன்னன் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான்.

"சுண்ணாம்பே வேணாம்னு ராஜா சொல்லிட்டாரு. அதுல இருக்கிற கால்சியம் இல்லேன்னா என் பயிரு ஒரு மத்தியானம் தாங்காது" என்றாள் ஸ்டெல்லா.

காரில் அவள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். இலையின் ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் கால்சியத்தை மிகக் குறைவாகவே வைத்திருக்கிறது செடி. வெளியே நிறைய இருக்கிறது, நடுவில் கதவுகள். கடும் வெயில் தாக்கிய சில நிமிடங்களிலேயே கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது போலத்தான் இதுவும். காற்று அடிக்காது, சேதி மட்டும் சொல்லும். அந்தச் சேதியைப் பிடித்துக் கைமாற்றத் தனிப் புரதங்கள் உண்டு. சேதி போய்ச் சேர்ந்ததும், மற்ற புரதங்கள் வெந்த முட்டை மாதிரி கெட்டிப்பட்டுவிடாமல் காக்கும் காவல் புரதங்களைச் செடி அவசரமாகச் செய்துகொள்கிறது. கதவு, சேதியைப் பிடிக்கும் கை, இரண்டையும் உண்டாக்குபவை மரபணுக்கள். சில ரகங்களில் அவை சட்டென்று விழித்துக்கொள்ளும், சிலவற்றில் மெத்தனம், அவைதான் முதலில் வாடும்.

அதோடு, ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் கலந்து பிறந்ததாம். அதனால் பெரும்பாலான மரபணுக்கள் அதில் மும்மூன்றாக இருக்கின்றன. இத்தனை காலம் சப்பாத்தியாக மட்டுமே பார்த்த ஒன்றைப் பற்றி இதைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே மெய்சிலிர்த்தது.

செஞ்சியில் மோர் குடித்துவிட்டு, திண்டிவனம் சாலையில் இருபது கிலோமீட்டர் போய் இடதுபுறம் திரும்பினோம். உச்சி வெயிலில் இலை நறுக்கி உடனே கேனில் போட வேண்டும், அந்த நிமிடத்தில் எந்த மரபணு விழித்திருந்தது என்பது அப்படியே உறைந்துவிடும். அதற்குத்தான் அத்தனை அவசரம். வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டி வயல் தெரிந்ததும் ஸ்டெல்லா "ஐயோ" என்றாள்.

கோதுமைக்கு மேலே சேலைகள். சிவப்பு, பச்சை, பூப்போட்டது, சவுக்குக் கம்பு நட்டு இழுத்துக் கட்டிய பந்தல்கள். கத்தரி நாற்றுக்கு நிழல் கட்டுவார்களே, அதே மாதிரி. கட்டியவர் சின்னம்மா. ஐம்பது வயது, தலையில் துண்டு, முகமெல்லாம் பெருமை.

"நேத்து மத்தியானம் கட்டனேன் பாப்பா. நீ ஊருக்குப் போய்ட்ட, பயிரு தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது. கண்ணெதிர வாடறத பாத்துக்கினு சும்மா குந்தினு இருக்க முடியுமா?"

"வாடணும் சின்னம்மா! வெயில் படணும்னுதானே இங்க போட்டேன்!"

சின்னம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஸ்டெல்லா வரப்பில் அப்படியே உட்கார்ந்தாள். நான் வயலுக்குள் இறங்கி, மூடிய வரிசைகளின் முனைக் கம்புகளில் எழுதியிருந்த எண்களைச் சத்தமாக வாசித்தேன், ஏதாவது செய்ய வேண்டுமே என்று. மொத்தம் நாற்பது வரிசை. பாதி மெத்தன ரகம், பாதி விழிப்பான ரகம், கலந்து கலந்து விதைத்தது. எது எது என்று ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தாவது எண்ணில் அவள் நிமிர்ந்தாள். எட்டாவதில் எழுந்து நின்றாள். மூடியிருந்த பதினொன்றில் பத்து மெத்தன ரகம், ஒன்றுதான் விழிப்பானது.

"சின்னம்மா, இந்தப் பதினொண்ணாவதுக்கு ஏன் கட்டுனீங்க?"

"அதுக்குக் கட்டலியே. சேலை அகலம், பக்கத்து வரிசை மேலயும் வுழுந்துது. அது நல்லாத்தான நிக்குது?"

"மத்த வாடுனதுக்கெல்லாம்?"

"பழைய சேலை தீந்துபோச்சு. இருந்திருந்தா உட்ருப்பனா?"

கண்ணுக்குத் தெரியாத கால்சியம், கண்ணுக்குத் தெரியாத கதவு, அதன் விளைவு ஒரு பெண்ணின் இரக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. "இது நிரூபணம் ஆகாது" என்றாள் ஸ்டெல்லா. ஆனால் அழுதுகொண்டே சிரித்தாள்.

சேலைகளை அவிழ்த்தோம். சின்னம்மாவும் அவிழ்த்தார். கடைசிச் சேலையைச் சுருட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா மூடாத வரிசைகளில் மட்டும் இலை நறுக்கினாள்.

அறுவடைக்குப் பிறகு போன் செய்தாள். நிழல் பட்ட வரிசைகளை முழுக்க ஒதுக்கிவிட்டாளாம். மீதியிலேயே வித்தியாசம் தெளிவாக இருந்தது: மெத்தன ரகத்தில் சுருங்கிய மணி, விழிப்பானதில் திரண்ட மணி. உறைந்த இலைகளும் அதையே சொல்லின. உதவித்தொகையை இன்னொரு வருடம் நீட்டித்தார்கள். சின்னம்மாவிடம் பழைய சேலை போதாமல் போனதற்கு நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: மண்டகப்பட்டுக்குப் பேருந்து உண்டு, அடிக்கடி இல்லை, காலையிலேயே கிளம்புங்கள். அங்கே கடை எதுவும் கண்ணில் படவில்லை, தண்ணீர் கட்டாயம். செஞ்சி வழியாகச் சுற்றினால் திண்டிவனத்திலிருந்து சென்னைக்குச் சுலபமாகப் பேருந்து கிடைக்கும். ஜனவரிக்குள் போங்கள், என்னைப் போல மார்ச்சில் போய் வேகாதீர்கள்.

இந்த வருடமும் அதே நிலத்தில் கோதுமை நிற்கிறது. ஆனால் அது பூக்கிற வாரத்தில் சின்னம்மாவை அங்கே பார்க்க முடியாது. விழுப்புரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறார். ஏன் என்று போனில் கேட்டேன்.

"நான் அங்க இருந்தா கட்டிப்புடுவேம்மா. இந்த வாட்டி எம் பொண்ணுங்க வேற புதுச் சேலையா எடுத்துக் குடுத்துருக்குதுங்க."