பம்புத் தண்ணியும் பச்சைப்பயறும்

பச்சைப்பயறு முளைக்கவில்லை என்று ஒரு குழந்தை அழுது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம், என் நான்காம் வகுப்பில், சாப்பாட்டு மணி அடித்த பிறகு.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். எண்ணூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினேழு வருடமாக டீச்சர். தமிழ், கணக்கு, அறிவியல், மூக்கு சிந்திவிடுவது — எல்லாப் பாடமும் நானே. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அறிவியல். அப்படி எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது... ஏன் என்று சொல்கிறேன்.

விதை முளைக்க என்னென்ன வேண்டும்? இதுதான் பாடம். காற்று, நீர், தகுந்த வெப்பம். போர்டில் எழுதிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நமக்குத்தான் செய்து காட்டாவிட்டால் தூக்கம் வராதே! ஆளுக்கொரு கொட்டாங்குச்சி, கொஞ்சம் பஞ்சு, நாலு பச்சைப்பயறு. அந்த வாரம் பள்ளிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டேன் — அவரவர் பயறுக்கு அவரவர் வீட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரட்டுமே என்ற நினைப்பு.

அங்கேதான் சறுக்கினேன். எங்கள் பக்கத்தில் வீட்டுத் தண்ணீர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. குடிக்க கேன். புழங்க லாரி. லாரி நுழையாத சந்துக்கு அடிபம்பு. அந்த பம்புத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பு, துணியில் பட்டால் மஞ்சள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பாடம் நடத்தும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் ஜன்னல் ஓரம் முழுக்க வெள்ளை வால் விட்ட பயறுகள். மூன்று கொட்டாங்குச்சியில் மட்டும் எல்லாம் கொழகொழத்து நாறிப்போயிருந்தது. அதில் இரண்டு, பையன்களுடையவை. மறுநாளே வீட்டிலிருந்து முளைகட்டிய பயறைக் கொண்டுவந்து போட்டு, முளைத்துவிட்டது என்று என்னிடம் காட்டினார்கள். பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, நிஷாவுடையது. முகத்துவாரக்குப்பத்துப் பெண். அவள் அப்பா ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிப்பவர். இவளும் அவரைப் போலத்தான் — எதையும் தொட்டுத் தடவிப் பார்க்காமல் நம்பமாட்டாள். பொய் சொல்லவும் வராது.

வலை இறக்குவதிலிருந்து காலைப் போணி வரை கைராசி பார்க்கிற ஊர் இது. பிள்ளைகள் மட்டும் விட்டுவிடுவார்களா? நிஷாவுக்கு ராசியில்லாத கை என்று யாரோ ஒருவன் ஆரம்பித்து வைத்தான். மத்தியானத்துக்குள் அவள் தங்கள் கொட்டாங்குச்சிப் பக்கம் வந்தாலே எல்லோரும் கையால் மூடிக்கொண்டார்கள். சாப்பாட்டு வரிசையில்கூட அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

"நீங்க சொன்ன மூணும் குடுத்தேன் டீச்சர்," என்றாள். அதோடு அழுகை வந்துவிட்டது.

என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டேன். பம்புத் தண்ணீர். கேன் தண்ணீரைக் கேட்டதற்கு அம்மா முறைத்தாளாம். குடிக்கவே அளந்து ஊற்றுகிற வீட்டில் பயறுக்கு கேன் தண்ணீரா? அந்த அம்மா இடத்தில் நான் இருந்தாலும் முறைத்துத்தான் இருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே வந்தாள். என் பாட்டிலில் இருக்கும் கேன் தண்ணீர் கொஞ்சம் வேண்டும் என்றாள். இரண்டு கொட்டாங்குச்சி. ஒரே பயறு, ஒரே பஞ்சு, ஒரே ஜன்னல். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் பம்புத் தண்ணீர். இரண்டுக்கும் அவள் கையாலேயே ஊற்றுவாள். ஒன்பது வயசுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? சத்தியமாக நான் இல்லை!

மூன்று நாள் வேறு யாரையும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. நாலாம் நாள் காலை, கேன் தண்ணீர்ப் பயறு வால் விட்டிருந்தது. பம்புத் தண்ணீர்ப் பயறு அழுகியிருந்தது. கைராசி என்று ஆரம்பித்து வைத்தவனே இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நிஷா தன் நோட்டில் பென்சிலால் எழுதினாள்: ‘விதை முளைக்க காற்று, கேன் தண்ணீர், வெப்பம் வேண்டும். எங்கள் பம்புத் தண்ணீரில் முளைக்காது. கை காரணம் இல்லை.’

பதினேழு வருடத்தில் என் வகுப்பில் எழுதப்பட்ட ஒரே நிஜமான அறிவியல் அதுதான். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், கால் வலி தெரியவில்லை.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் ஆசை. ஆனால் அடுத்த வாரம், மேலிடத்திலிருந்து நோட்டுகளைப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். ரிட்டையர் ஆக இன்னும் நாலு மாதம். நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிஷா எழுதியதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புத்தகத்தில் இல்லாத விடை, தப்பு என்றுதான் போடுவார்கள் என்றார். அதுகூடப் பரவாயில்லை. ‘எங்கள் பம்புத் தண்ணீர்’ என்கிற வரியை யாராவது போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டால்? எந்த டீச்சர் எழுதச் சொன்னது என்று தலைமையாசிரியரைத்தானே கேட்பார்கள்? எதற்கு வம்பு, அழித்துவிடச் சொல்லுங்கள் என்றார்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வாரா வாரம் இங்கே உங்களிடம் வாய்கிழியப் பேசுகிறவள்தானே? அன்று அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு, நானே ரப்பரை எடுத்துக்கொண்டு நிஷாவிடம் போனேன்.

புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதிக்கொள் என்றேன். அவள் ரப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ என் கைதானா டீச்சர்?"

இல்லம்மா, கை இல்லை, தண்ணீர்தான், ஆனால் நோட்டில் வேண்டாம் என்றேன். நான் சொன்னது எனக்கே புரியவில்லை. நிஜம், ஆனால் எழுதக்கூடாது என்றால் ஒன்பது வயசு என்னவென்று எடுத்துக்கொள்ளும்? அழித்தாள். நல்ல பிள்ளை, தாள் கிழியாமல் அழித்தாள்.

சாயங்காலம் அழைத்துப்போக வந்த அவள் அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினால் மனசு ஆறும் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா திட்டவில்லை. "பொஸ்தகம் எழுதுனவங்க வூட்டாண்ட நல்ல தண்ணி வருது போலக்கீது," என்று மட்டும் சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த பம்புத் தண்ணீரில்தான் அந்த வீட்டில் அரிசி களைகிறார்கள்.

கேள்வி கேள், கேள்வி கேள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். விடையை மட்டும் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறோம். பார்வையிட வந்தவர்கள் எல்லா நோட்டிலும் சிவப்பு டிக் போட்டார்கள். என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை அடுத்த பாடம். எது மிதக்கும், எது மூழ்கும்? பக்கெட் நிறையத் தண்ணீர், ஒரு ஆணி, ஒரு ரப்பர் பந்து, ஒரு எலுமிச்சம்பழம். வழக்கமாக இந்தப் பாடத்தில் வகுப்பே ரெண்டுபடும். கடலோரத்துப் பிள்ளைகள் அல்லவா, பந்தயம் கட்டிக் கத்துவார்கள். பழத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒருவரும் கத்தவில்லை. முப்பத்தோரு பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிஷாதான் எழுந்தாள். கோபமெல்லாம் இல்லை, எனக்கு உதவி செய்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இன்னா வரணும்னு முன்னாடியே சொல்லிடுங்க டீச்சர். நாங்க அதையே எழுதிக்கிறோம்."

சொன்னேன். எழுதினார்கள். எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் போடவேண்டிய அவசியமே வரவில்லை.