நான் கட்டை சொருகிய மேசை

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் திருவொற்றியூரில், டீசல் இன்ஜினுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தேன். வாசலிலேயே எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பகல் முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த வருஷம் லேசர் மைக்ராஸ்கோப் ஒன்று வந்தது. அதுவரை நாங்கள் செய்யும் 'பின்' என்ற சின்ன எஃகு உருளையின் மேல் வைர முள்ளை இழுத்துத்தான் வழவழப்பை அளப்போம். இது தொடவே தொடாது. லேசர் புள்ளியை வேகமாக ஓடவிட்டு, சரியாகக் குவிந்த இடத்திலிருந்து திரும்பும் வெளிச்சத்தை மட்டும் ஓர் ஊசித்துளை வழியாக வாங்கி, அடுக்கடுக்காகப் படமெடுத்து, மேடு பள்ளத்தைச் சில நொடிகளில் திரையில் காட்டிவிடும். தலைமுடி தடிமனில் நூறில் ஒரு பங்கு மேடுகூடத் தெரியும்.

அதற்குத் தனி ஏசி அறை. உள்ளே நான் ஒருவன் மட்டும். மைக்ராஸ்கோப் இருந்த மேசை காற்றுப் பைகளின் மேல் மிதக்கும். கை வைத்தால் ஆடும். நிறுவ வந்தவர் ஏதோ விளக்கினார், நான் காது கொடுக்கவில்லை. எழுதும்போது ஆடிய எரிச்சலில் நாலு மரக்கட்டையை வெட்டி அடியில் சொருகினேன். ஆட்டம் நின்றது. என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து திரையில் பின்களின் பரப்பில் மெல்லிய அலை தெரிந்தது. அவற்றைத் தேய்த்தவன் பத்து வருஷமாக என்னோடு ஒரே பெஞ்சில் சாப்பிடும் சிநேகிதன். நான் தயவு பார்க்காமல் எல்லாவற்றையும் ரிஜெக்ட் செய்தேன்.

கண்ணாடிக் கதவைத் தட்டிக் கேட்டான். "இன்னா மாமு, என் கை இன்னிக்கு நேத்தா இந்த வேல பாக்குது? வைர முள்ள வுட்டு ஒரு தபா பாரேன்."

"மெஷின் பொய் சொல்லாது. உன் கைதான் ஆடுது, போடா" என்றேன்.

மூன்றாவது வாரம் அவனைப் பின் தேய்க்கும் கிரைண்டிங்கிலிருந்து எடுத்து, சரக்கு அனுப்பும் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் வேலையில் போட்டார்கள். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியாகிவிடும். நானும் வீம்புக்கு அந்த அறையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். ஏசி சத்தத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை.

அப்புறம் ஒருநாள் லாரி ஸ்டிரைக். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வேலையில்லாமல் அவனுடைய பழைய ரிஜெக்ட் பின் ஒன்றை எடுத்து வைத்தேன். திரையில் அலையே இல்லை. பின்னில் பொறித்த எண்ணைச் சரிபார்த்தேன். அதே பின்தான். குனிந்து கட்டைகளைப் பிடுங்கினேன். லாரிகள் ஓடத் தொடங்கிய அன்று அதே பின்னை மறுபடி வைத்தேன். அப்போதும் அலை இல்லை. அத்தனை நாளும் நான் அளந்தது அவன் கையை அல்ல, சாலையின் அதிர்வை. அது மைக்ராஸ்கோப்புக்கு ஏறாமல் தடுக்கத்தான் மேசை மிதந்திருக்கிறது; என் கட்டைகள் அதை ஏற்றிவிட்டன.

விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர், "மெஷின் ரிப்பேர்னு எழுதிட்டுப் போப்பா. உன் பேரு எதுக்கு?" என்றார். கட்டை சொருகியவன் நான் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பிறகு பெட்டி அடிக்கும் இடத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "நேத்து வந்த மிஷின நம்பிக்கின. பத்து வருசமா என் கூட துன்னுகினு கீற, என்ன நம்பல. சரி வுடு, போய் வேலயப் பாரு."

அவனுக்கு கிரைண்டிங் வேலை திரும்பக் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் மட்டும் அவன் அதன்பிறகு உட்காரவே இல்லை. இப்போதெல்லாம் எவனையாவது குறை சொல்ல வாயெடுத்தால், முதலில் என் மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன். நிமிரும்போது கேன்டீனில் அவன் விட்டுப்போன பாதி பெஞ்ச்தான் மனக்கண்ணில் படுகிறது.