தெற்குக் கடலும் பச்சைச் சாரமும்

1987 யூலை 23, வியாழன். ஜகார்த்தாவில் காலையில் ஏறிய ரயில் மாலை நாலரைக்கு எங்களை யோக்யகர்த்தாவில் இறக்கியது. ரொறன்ரோவை விட்டு ஐந்தாவது நாள். என்னுடன் மனைவி மங்கை. பெட்டியில், இடுப்பில் உடுக்க ஒரு புதுச் சாரம்.

அந்தச் சாரத்துக்குக் காரணம் உண்டு. அப்பா போன வருடம் யாழ்ப்பாணத்தில் காலமானார். சண்டையால் செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. முதல் ஆடி அமாவாசைக்கு அங்கே கீரிமலைக் கடலில் தீர்த்தமாடவும் வழியில்லை. "எங்கடை ஸ்காபரோவிலை லேக் கிடக்குது, அதிலை தோய்ஞ்சால் காணாதோ?" என்று மங்கை கேட்டாள். கடல்தான் வேண்டும் என்றேன். விடுமுறை மூன்று கிழமை. நெடுநாளாக வாசித்துவந்த ஜாவாவுக்கே போவோம், அங்கே இருப்பதும் இந்து சமுத்திரம்தான் என்று முடிவாயிற்று.

யூலை 24, வெள்ளி. மாலியோபோரோ வீதியிலிருந்து சுல்தான் அரண்மனைக்கு மிதிவண்டி ரிக்சா 500 ரூபியா. கனேடிய டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,240 ரூபியா. 1755 இல் மத்தாரம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது பிறந்த நகரம் இது. டச்சுக்காரரை எதிர்த்துச் சுதந்திரத்துக்குப் போராடிய 1946 முதல் 1949 வரை குடியரசின் தலைநகரும் இதுவே. அரண்மனைக்கு அருகே டச்சுக் கோட்டை நிற்கிறது. யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திக் கட்டிய அதே ஒல்லாந்தர். வடக்கே மெராப்பி எரிமலை, நடுவே அரண்மனை, தெற்கே கடல்: மூன்றும் ஒரே கோட்டில் இருப்பதாக ஊரார் கொள்கிறார்கள்.

யூலை 25, சனி, அமாவாசை. காலை ஆறு மணி. பராங்திரித்திஸ் கடற்கரை 28 கிலோமீற்றர்; கார் அரைநாளுக்கு 20,000 ரூபியா. சாரதி ஸ்லாமெட் ஐம்பது வயதுக்காரர், ஐந்து வேளை தொழுபவர், உல்லாசப் பயணிகளிடம் ஆங்கிலம் பழகியவர். நான் சாரத்தை உடுத்துக்கொண்டு வந்ததும் கார்க் கதவைச் சாத்தினார்.

"ஐயா, பச்சை. நான் வரமாட்டேன்."

தெற்குக் கடலுக்கு ஓர் அரசி உண்டாம். சுல்தான்களுக்கு உறவானவளாம். பச்சை அவளுடைய நிறம். அதை உடுத்தவரை உள்ளே இழுத்துக்கொள்வாளாம்.

"நீங்கள் முஸ்லிம் அல்லவா?" என்றேன்.

"முஸ்லிம்தான். ஆனால் நீச்சல் தெரியாது."

மங்கைக்குச் சிரிப்பும் பயமும். "ரொறன்ரோ ஜெராட் வீதியிலை கடை கடையா ஏறி நான்தான் வாங்கினனான். உது வேண்டாமப்பா, கழட்டுங்கோ!"

"காற்சட்டையோடை தீர்த்தமாடுறதோ?"

ஸ்லாமெட் வீட்டுக்குக் காரை விட்டு, தமது கபில நிற பாத்திக் சாரத்தைக் கொண்டுவந்தார். பள்ளிவாசலுக்கு உடுத்துவதாம், நன்றாகத் தோய்த்து மடித்திருந்தது. பச்சையைக் கழற்றி அதை உடுத்தேன்.

ஏழரைக்குக் கடற்கரை. கருமணல். அலைகள் ஆளுயரத்துக்கு எழுந்தன, அடியில் இழுப்பு. முழங்காலுக்கு மேல் போகவேண்டாம் என்றார் ஸ்லாமெட். சொன்னதோடு நிற்கவில்லை, காற்சட்டையைச் சுருட்டிவிட்டு என் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மறுகையை மங்கை பிடித்தாள். மூன்று முறை மூழ்கி, எள்ளும் தண்ணீரும் விட்டேன். அப்பாவின் பெயரை உரத்துச் சொன்னேன். ஸ்லாமெட் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

பிதிர்க்கடனுக்குத் தெற்கே பார்க்கவேண்டும். கீரிமலையில் கடல் வடக்கே. தெற்கே திரும்பினால் அது முதுகுப்பக்கம் போய்விடும். இங்கே நான் திரும்பவே வேண்டியிருக்கவில்லை. கடல் முழுவதும் எதிரிலே இருந்தது.

விரதம் முடிக்க ஒரு சாப்பாட்டுக் கடை. பலாக்காயைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் அவித்த குடெக், நகரத்தின் பெருமை. நான் அதை ஒதுக்கிவிட்டு, கைப்பாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். பப்பாசி இலைக் கறி வந்தது. எங்கள் ஊரில் ஆடி அமாவாசை விரதத்துக்குச் சமைக்கும் காத்தோட்டிக்காய்க்குக் குறையாத கைப்பு. சோற்றோடு முழுவதையும் சாப்பிட்டேன்.

யூலை 26, ஞாயிறு. ரயில் புறப்படும்போது மங்கை கேட்டாள்: "அடுத்த வருசம் எங்கை?"

"லேக்குக்குப் போவம். ஸ்காபரோவிலையும் தண்ணி தெற்கேதானே."

பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

"அங்கை ராணி ஒருத்தியும் இல்லை. உந்தப் பச்சையை உடுக்கலாம்."