ஓரம் வெட்டிய மும்பை

ஆறு ஆண்டுகளில் இனாயத்துல்லா தாராவியிலிருந்து கடையநல்லூருக்கு, மனைவி சுலைகாவின் கைப்பேசிக்கு அனுப்பிய மும்பைப் படங்கள் 412. ஒன்றில்கூடச் சாக்கடை இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. தோல் பைப் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். தழும்பும் ஓட்டையும் உள்ள இடத்தை ஒதுக்கிவிட்டு நல்ல தோலை மட்டும் வெட்டி எடுப்பது அவருடைய இருபத்தொன்பது வருடத் தொழில். படங்களையும் அப்படியே வெட்டினார். மாஹிம் கடல் இருக்கும், கரையில் கிடக்கும் குப்பை இருக்காது.

மகள் ஜோயாவுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, "இனிமே ஒன்னா இருப்போம், வந்துரு" என்றார். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்ற சுலைகா, எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை திரும்புவதற்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள். அவளுக்கு இந்த ஊர் பிடிக்காமல் போனால், மிச்ச ஆயுளுக்கும் அவருக்கு மெஸ் சாப்பாடுதான்.

அவள் வந்திறங்கிய தாதர் ஸ்டேஷனிலிருந்து தாராவிக்குக் கால் மணி நேரம். தெரிந்த டிரைவர் தௌசீப்பின் டாக்சி ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது.

"இந்தக் கடலு மொதல்ல வலது பக்கம்லா இருந்துச்சு?"

"மும்பையில ரெண்டு பக்கமும் கடலுதான்."

"அந்தப் பலூன்காரனுமா ரெண்டு பக்கமும் நிக்கான்?"

தௌசீப் சிரிப்பை மறைக்க ஹாரனை அழுத்தினான்.

அவர் தங்கியிருந்த கோலி, அதாவது ஒற்றை அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு அடுப்பு. இரண்டு நாள் அந்த வீட்டுத் தாளிப்புக்குத் தும்மிவிட்டுச் சுலைகா கேட்டாள்: "ஜோயா வாப்பா, நீங்க படத்துல அனுப்புன ஊருக்கு எப்பம் போறோம்?"

"ஏன், இதுக்கு என்ன? குத்தாலத்துல மூணு மாசந்தான் தண்ணி. இங்க தெனமும் ரெண்டு தடவ கடலு ஏறி வருது."

"ஏறி வந்து என்னத்தக் கொண்டாருது? அதையும் சொல்லுங்க. சரி, படத்துல கூட்டமா நின்ன அந்தச் செவப்புப் பறவையக் காட்டுங்க. அதுவாவது உண்மையான்னு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிவ்ரி கழிமுகத்துக்குக் கூட்டிப்போனார். நீர் கரைவரை தளும்பி நின்றது. காற்று அருமையாக இருந்தது. ஒரு பறவைகூட இல்லை.

அங்கிருந்த காவலாளி விளக்கினார். நீர் வற்றினால்தான் சேறு தெரியும், சேறு தெரிந்தால்தான் பூநாரைகள் இரை தேடி இறங்கும்.

"அது எப்பம் வத்தும்?" என்றாள் சுலைகா.

"மூணு மணிக்கு" என்று இனாயத்துல்லா முந்திக்கொண்டு சொன்னார். சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தார்.

"ஓகோ. நேரம் பாத்துத்தான் கூட்டியாந்தியளா?"

"தண்ணி கெடந்தா நாத்தம் தெரியாது, அதான்..."

"இருபத்தொம்பது வருசமா மூக்க மூடிக்கிட்டுத்தான் இருந்திய. இன்னைக்கு நானும் மூடிக்கிடுதேன். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். இரண்டு வடைபாவும் மூன்று டீயும் ஆயின. நீர் இறங்க இறங்கச் சேறு வெளிப்பட்டது. டயர், செருப்பு, பிளாஸ்டிக் பை எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன. நாற்றம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிட்டது. ஒன்றரை மணிக்குப் பறவைகள் வந்தன. முதலில் ஏழு. பிறகு எண்ண முடியவில்லை. சேற்றின் மேல் யாரோ ரோஜாநிறப் பாயை விரித்துக்கொண்டே போனதுபோல் இருந்தது.

சுலைகா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கைப்பேசியை வாங்கி ஒரு படம் எடுத்தாள். பறவை, டயர், புருசன், எல்லாம் அதில் இருந்தன.

"ஜோயாவுக்கு அனுப்புதேன். வெட்டாம."

"பிடிச்சிருக்கா, இல்லியா?"

"இருக்கேன். ஆனா அந்தக் கோலியில இல்ல. வீடு நான் பாக்கேன். என்னைக்கு, எத்தன மணிக்குப் பாக்கணும்ங்கிறதும் நாந்தான் சொல்லுவேன்."

வெள்ளிக்கிழமை டிக்கெட்டை அன்று சாயங்காலமே ரத்து செய்தார்கள். வரும் செவ்வாய்க்கிழமை மான்குர்தில் கழிமுகத்தை ஒட்டிய ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். சுலைகா குறித்திருப்பது மாலை நாலரை மணி. அன்றைக்கு நீர் முழுதாக வற்றும் நேரம் அது.